சக்கர வீட்டுக்கு ஒரு ஜன்னல் திரை

கோடை விடுமுறை வந்துவிட்டால் கனடாவிலும் அமெரிக்காவிலும் நெடுஞ்சாலைகளில் ஒரு வேடிக்கையான காட்சியைக் காணலாம். காருக்குப் பின்னால் சின்னஞ்சிறு வீடு ஒன்று சக்கரங்களின் மேல் உருண்டு வரும். அதற்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலமாரி எல்லாம் உண்டு. ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ காரை நிறுத்தி, இந்த வீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குடும்பம் முழுவதும் அதில் தங்கிவிடும். இதைக் கேம்பர் டிரெய்லர் என்பார்கள்.

இவற்றில் மிகச் சிறிய வகை ஒன்று 1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்தது. ரே ஒலெக்கோ என்பவர் கண்ணாடியிழையைக் கொண்டு, முட்டையை நினைவூட்டும் உருண்டை வடிவில் அதைச் செய்தார். மேல்பாதி ஒன்று, கீழ்பாதி ஒன்று என்று தனித்தனியே வார்த்து, நடுவில் பொருத்திவிடுவது அவர் முறை. பௌலர் தொப்பியைப் போல இருந்ததால் அதற்குப் ‘போலர்’ என்றே பெயர் வந்தது. காருடன் பிணைக்கும் முன்தண்டையும் சேர்த்தே நீளம் 13 அடிதான்! உள்ளே இருக்கும் காற்றின் பருமன் ஏறத்தாழ 10 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி வகுப்பறை ஒன்றின் காற்றில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இந்த 10 கன மீட்டர் என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். கட்டுரை முழுவதும் அது நமக்குத் தேவைப்படும்.

இந்த வீட்டின் எல்லாப் பக்கங்களிலும் ஜன்னல் உண்டு. எனவே திரை வேண்டும். திரைதானே, ஒரு கம்பி, இரண்டு ஆணி, இரண்டு கெஜம் துணி, அவ்வளவுதானே என்று தோன்றும். வீட்டில் அவ்வளவுதான். ஆனால் 10 கன மீட்டருக்குள் இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டு, சமைத்துக்கொண்டு, உறங்கவும் வேண்டுமென்றால் அந்தத் துணி என்ன துணி என்பதைவிட, அது எந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்பதே முக்கியமாகிவிடுகிறது. இதில் தவறினால் திரை நனையும், பூஞ்சை பிடிக்கும். உயிருக்கே ஆபத்து நேரும் வழிகளும் உண்டு.

சுவர் சாய்ந்திருந்தால்...

முதல் சிக்கல் புவியீர்ப்பு. கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவரின் நேர்மையைச் சோதிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொங்கும் துணியும் ஒரு தூக்குக்குண்டுதான். அது எப்போதும் புவிமையத்தை நோக்கியே நிற்கும். ஆனால் முட்டை வடிவ டிரெய்லரின் சுவர் மேலே போகப்போக உட்பக்கம் சாய்கிறது. எனவே மேலே ஒரு கம்பியில் மட்டும் மாட்டிய திரை, ஜன்னலின் அடிப்பகுதியை விட்டு விலகி நடுவெளியில் தொங்கும். வண்டி ஓடும்போதோ ஊஞ்சலாடும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி மிக எளிது. ஜன்னலுக்கு மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. துணியின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கம்பி நுழையும்படி மடித்துத் தைத்துவிட்டால், திரை சுவரின் சாய்வை ஒட்டியே நிற்கும். பக்கவாட்டில் இழுத்தால் திறக்கும். இந்தக் கீழ்க்கம்பி சாய்வுக்காக வந்ததுதான். ஆனால் அது வேறொரு பெரிய வேலையையும் செய்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கம்பியை எப்படிப் பொருத்துவது? ஓடு சில மில்லிமீட்டர் கனமே உள்ளது. அதைத் துளைத்துத் திருகாணி போட்டால் முனை வெளியே எட்டிப்பார்க்கும். அந்தத் துளை வழியே மழை உள்ளே வரும். காந்தம் கண்ணாடியிழையில் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. ஜன்னலின் இருபுறமும் அலமாரி இருந்தால் ஒரு நல்ல உபாயம் உண்டு. உள்ளே சுருள்வில் வைத்த கம்பியை அமுக்கி, இரண்டு அலமாரிகளுக்கும் நடுவே வைத்துவிட்டால் அது தானே இறுகி நிற்கும். ஆணியே வேண்டாம்.

அதைத் தாங்கி நிற்பது உராய்வு. கொஞ்சம் கணக்குப் போடுவோம். 90 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள ஜன்னலுக்கு, மடிப்புகள் விழுவதற்காக இரண்டு மடங்கு அகலத் துணி எடுத்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் ஆகும். துணி 200 கிராம், கம்பி 200 கிராம் என்றால் மொத்த எடை சுமார் 4 நியூட்டன். சாலைப் பள்ளத்தில் வண்டி குலுங்கும் நொடியில் இது மூன்று மடங்காகத் தோன்றுகிறது என்று கொள்வோம். அதாவது 12 நியூட்டன். ரப்பர் முனைகளின் உராய்வுக் கெழு 0.5 என்றால், இரண்டு முனைகளிலும் சேர்த்து இதைத் தாங்க, சுருள்வில் குறைந்தது 12 நியூட்டன் விசையுடன் இருபுறமும் தள்ள வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஒரு நியூட்டன் கேட்கும் வில்லானால், ஊக்கின் விதிப்படி 12 மில்லிமீட்டர் அமுக்கி வைக்க வேண்டும். ஆனால் ஓடும் வண்டியின் சுவர்கள் அசையாமல் இருப்பதில்லை. அவை சற்றே விலகும் கணத்தில் வில் தளர்ந்துவிடும். ஆகையால் 25 மில்லிமீட்டர் அமுக்கி வைப்பதே புத்திசாலித்தனம்.

கறுப்பா, வெள்ளையா?

இனி வெயிலுக்கு வருவோம். மாலை வெயில் நேராக விழும் ஜன்னலின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 600 வாட் ஆற்றல் வந்து மோதுகிறது என்று கொள்வோம். சாதாரணக் கண்ணாடி அதில் ஏறத்தாழ 500 வாட்டை உள்ளே விட்டுவிடும். 10 கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 12 கிலோகிராம். அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 12,000 ஜூல் போதும். ஆக, வந்த வெப்பமெல்லாம் காற்றுக்கே போய், ஒரு துளியும் வெளியேறாவிட்டால், 24 வினாடிக்கு ஒரு டிகிரி ஏறும்! நடைமுறையில் சுவரும் படுக்கையும் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். இருந்தாலும் மூடிய டிரெய்லர் ஏன் இத்தனை விரைவில் அடுப்பாகிறது என்பது இப்போது விளங்கும்.

இங்கே திரை என்ன செய்கிறது? கறுப்புத் திரை போட்டால் உள்ளே நன்றாக இருட்டாகும். இருட்டானால் குளிர்ச்சி என்று மனம் நினைத்துக்கொள்ளும். வெப்பமானி அப்படி நினைப்பதில்லை. கறுப்புத் துணி ஒளியை உறிஞ்சி, தான் சூடாகி, அந்தச் சூட்டை அறைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. 500 வாட்டில் 450 வாட்டை அது உறிஞ்சினால், ஜன்னலோரத்தில் ஒரு சிறு மின்சார ஹீட்டரை மாட்டி வைத்ததற்குச் சமம். வெள்ளைத் துணியோ ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடி, ஒளிக்கு உள்ளே வர வழி விட்டதைப் போலவே வெளியே போகவும் வழி விடும். 70 சதவீதம் பிரதிபலிக்கும் வெள்ளைத் துணியானால், 500 வாட்டில் 350 வாட் திரும்பிக் கண்ணாடிக்குப் போகும். அதில் சுமார் 290 வாட் வெளியேறிவிடும்.

துணி சூடான பிறகு அது வீசும் கதிர்கள் வேறு இனம். அறை வெப்பநிலையில் உள்ள பொருள்கள் வீசும் அகச்சிவப்புக் கதிர்களின் அலைநீளம் 10 மைக்ரான் அளவில் இருக்கும். இவற்றுக்குக் கண்ணாடி ஒரு சுவர். ஆகவே ஒளி ஒளியாக இருக்கும்போதே அதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வெப்பமாக மாறிவிட்டால் வந்த வழியே போகாது.

இதை வைத்து, உள்ளே வெப்பம் சேர்வதற்குக் கண்ணாடியின் இந்தக் குணமே முழுக் காரணம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. 1909-இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலறிஞர் இரண்டு கறுப்புப் பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றொன்றை அகச்சிவப்புக் கதிர்களையும் ஊடுருவ விடும் பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே அளவு, சுமார் 55 டிகிரி வரை சூடேறின. சூடான காற்றை வெளியேற விடாமல் அடைத்து வைப்பதுதான் மூடியின் முக்கிய வேலை என்பதை இது காட்டியது. டிரெய்லரின் கூரையிலுள்ள காற்றுப்போக்கியைத் திறந்தவுடன் உள்ளே இதமாகிவிடுவதும் இதனால்தான்.

உள்பக்கத் திரையைவிடச் சிறந்தது வெளிப்பக்கத் திரை. கண்ணாடியைத் தொடும் முன்பே வெயிலைத் தடுத்துவிட்டால், துணி சூடானால்கூட அந்தச் சூடு வெளிக்காற்றோடு போய்விடும். நம் ஊரில் மூங்கில் தட்டியைத் தாழ்வாரத்தின் வெளி விளிம்பில் கட்டித் தொங்கவிடுகிறார்கள் அல்லவா? அதே காரணம்தான். டிரெய்லர்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே துணிப்பந்தல் நீட்டுகிறார்கள்.

மெல்லிய வலைத் திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு. வெளியிலிருப்பவர் கண்ணுக்கு வலையின் வெண்மைதான் தெரியும். இரவில் விளக்கேற்றியதும் இது தலைகீழாகிவிடுகிறது. உள்ளிருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. வெளியிலிருப்பவருக்கு எல்லாம் தெரியும். ஆகவே இரவுக்குத் தடித்த துணி வேண்டும்.

குளிர் இரவின் கணக்கு

வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று கொள்வோம். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 6 வாட் வெப்பத்தை இழக்கிறது. மொத்தம் 2 சதுர மீட்டர் ஜன்னல் இருந்தால் இழப்பு 240 வாட். உறங்கும் மனிதர் ஒருவரின் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பம் 70, 75 வாட்தான். ஆக, மூன்று பேரின் உடல் வெப்பத்தையும் ஜன்னல்களே குடித்துவிடும்!

திரையைப் போட்டால் இது குறையுமா? தளரத் தொங்கும் சாதாரணத் திரையால் 10 சதவீதம் வரைதான் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. காரணம் வெப்பச்சலனம். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள காற்று குளிர்ந்து, கனத்து, அடிவழியே அறைக்குள் வழிகிறது. அந்த இடத்தை நிரப்ப, மேல்வழியே அறையின் சூடான காற்று இறங்குகிறது. தலைகீழாகக் கவிழ்த்த புகைபோக்கி போல இது இரவெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். மேலும் கீழும் பக்கங்களும் நன்கு அடைபட்டால்தான் இந்தச் சுழற்சி நிற்கும். அப்போது கால் பங்கு வரை மிச்சமாகும். சாய்ந்த சுவருக்காக நாம் போட்ட கீழ்க்கம்பி இங்கே உதவுகிறது. துணியைக் கீழேயும் சுவரோடு ஒட்டி நிறுத்தி, குளிர்ந்த காற்று வழியும் வாயை அது அடைத்துவிடுகிறது. 240 வாட்டில் 60 வாட் மிச்சம்.

நல்லது என்று மகிழ்ந்து படுத்தால், காலையில் திரை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்.

இந்த நீர் எங்கிருந்து வந்தது? நம் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும்தான். உறங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியை வெளிவிடுகிறார். இருவர் எட்டு மணி நேரம் உறங்கினால் 640 கிராம், அரை லிட்டருக்கும் மேல். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17.3 கிராம் நீராவியைத் தாங்கும். நம் 10 கன மீட்டர், 173 கிராம். படுக்கும்போதே ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பாதி இடம் போய்விட்டது. மீதியை நிரப்ப இருவருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். இரவு உணவு சமைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். புரோப்பேன் வாயு எரியும் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள்: 44 கிராம் வாயுவுக்கு 72 கிராம் நீர். அதாவது 100 கிராம் வாயு எரிந்தால் 160 கிராமுக்கு மேல் நீராவி!

ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள 20 டிகிரிக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 9 டிகிரி. இந்த இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உட்பரப்பு 5 டிகிரியில் இருக்கும். எனவே திரை இல்லாவிட்டாலும் கண்ணாடியில் பனி படியத்தான் செய்யும். திரையை இழுத்துவிட்டாலோ, அறையின் சூடு கண்ணாடியை எட்டுவது குறைகிறது. கண்ணாடி 3 டிகிரி வரை இறங்கிவிடும். மேகமற்ற இரவில் கண்ணாடி வானத்தை நோக்கி வெப்பத்தை வீசி இன்னும் குளிரும். புல்லில் பனித்துளி உண்டாவதும் இவ்வாறுதான் என்று வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814-இலேயே விளக்கினார். துணி காற்றோட்டத்தைத் தடுக்கும். நீராவியை முற்றிலும் தடுக்காது. நீராவி துணியின் ஊடே மெல்லப் பரவி, கண்ணாடியில் நீராகி, துணி எங்கே கண்ணாடியைத் தொடுகிறதோ அங்கே அதை நனைக்கிறது. வெப்பத்தை எவ்வளவு நன்றாகக் காக்கிறதோ, அவ்வளவு விரைவில் திரை நனையும். இந்த முரண்பாட்டைத் துணியை மாற்றித் தீர்க்க முடியாது.

தீர்வு, குளிருக்கு அஞ்சாமல் காற்றுப்போக்கியைச் சற்றுத் திறந்து வைப்பதுதான். வெளியே மூடுபனியாக இருந்தாலும் பரவாயில்லை. 0 டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டரில் 4.8 கிராமுக்கு மேல் நீராவி இருக்க முடியாது. அது உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடாகும்போது, 50 சதவீத ஈரப்பதத்தை எட்டுவதற்குள் இன்னும் 3.8 கிராமை வாங்கிக்கொள்ளும். மணிக்கு 80 கிராமை அகற்ற 21 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். அதாவது உள்ளே உள்ள காற்று மணிக்கு இருமுறை மாற வேண்டும். அந்தக் காற்றைச் சூடேற்ற ஆகும் செலவு சுமார் 140 வாட். இருவரின் உடல் வெப்பம் எவ்வளவு? அதே 140, 150 வாட்! இவ்வளவு செய்தும் 3 டிகிரிக் கண்ணாடியில் சிறிது பனி படியவே செய்யும். ஆனால் அது காலையில் துடைத்துவிடும் அளவுதான், ஓடி வழியாது. திரையைக் கண்ணாடியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்தினால் துணியும் நனையாது.

குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளில் துணியை அடைப்பவர்கள் உண்டு. இது விபரீதம். அடுப்போ ஹீட்டரோ போதிய ஆக்சிஜன் இல்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிணைந்துகொள்ளும். உறங்குபவர் விழிப்பதே இல்லை. திரைத் துணி எந்தக் காற்றுத் துளையையும் மூடாதபடி வெட்டப்பட வேண்டும் என்பதை முதலில் கவனித்து, நிறத்தையும் பூவேலையையும் பிறகு பார்க்கலாம்.

அடுப்புக்கு அருகே

சிறிய டிரெய்லரில் அடுப்புக்கு மேலேயோ பக்கத்திலேயோ ஜன்னல் இருப்பது சாதாரணம். தொங்கும் துணியில் தீப்பற்றினால் அது படுத்திருக்கும் துணியில் பரவுவதைவிட மிக வேகமாக ஏறும். சுடரும் சூடான வாயுக்களும் மேலே எழுந்து, இன்னும் பற்றாத துணியை முன்கூட்டியே சூடாக்கி வைப்பதே காரணம்.

திரைக்குத் தீத்தடுப்பு ஏற்றுவது புதிய யோசனையன்று. பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி, நாடக அரங்குகளின் திரைகள் தீப்பற்றாமல் காக்க வழி கேட்டார். வாயுக்களைப் பற்றிய விதியால் நீங்கள் அறிந்த அதே கே-லுசாக், அம்மோனியம் பாஸ்பேட், வெண்காரம் போன்ற உப்புகளில் துணியை நனைத்து உலர்த்தலாம் என்று 1821-இல் எழுதினார். சூடானதும் வெண்காரம் உருகி இழையைக் கண்ணாடிப் படலம் போல மூடும். அம்மோனியம் உப்பு சிதைந்து, எரியாத வாயுவை வெளிவிட்டு, துணியைக் கொழுந்துவிட விடாமல் கரியாக்கும். ஒரே குறை, இந்த உப்புகள் நீரில் கரைபவை. ஒருமுறை துவைத்தால் போயிற்று!

பருத்தி எளிதில் பற்றிக் கொழுந்துவிட்டு எரியும். பாலியெஸ்டர் சுடரைக் கண்டு சுருங்கி, 260 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகும். உருகிய துளி தோலில் ஒட்டினால் ஆழமாகச் சுடும். கம்பளி எளிதில் பற்றாது. அதில் நைட்ரஜனும் ஈரமும் அதிகம். ஆனால் எந்த இழையானாலும், அடுப்பை ஒட்டிய ஜன்னலுக்குத் திரையே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே ஒரு உலோகத் தகடு மூடி போதும்.

அவசரத்தில் வெளியேறும் ஜன்னலுக்கு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும். மேலும் கீழும் கம்பியில் கோத்த திரை, இருட்டில் தடவிக்கொண்டு ஓடுபவரைச் சிக்க வைக்கும். அங்கே வெல்குரோ பட்டை பொருத்தம். நாயின் மயிரில் ஒட்டிக்கொண்ட முட்காய்களைப் பார்த்து ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிஸ் பொறியியலாளர் கண்டுபிடித்தது அது. பக்கவாட்டில் இழுத்தால் அதன் கொக்கிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எதிர்க்கும்; ஓரத்தைப் பிடித்து உரித்தால் வரிசை வரிசையாக விட்டுக்கொடுக்கும். குலுக்கலைத் தாங்கும், ஆனால் குழந்தை இழுத்தாலும் கையோடு வந்துவிடும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று செருப்பு அட்டைப்பெட்டிகள், அவற்றை மூடும் மூன்று கண்ணாடித் துண்டுகள், மூன்று வெப்பமானிகள் வேண்டும். கண்ணாடியின் விளிம்புகளில் கை வெட்டாமல் இருக்க ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளுங்கள். முதல் பெட்டியில் கண்ணாடிக்குக் கீழே கறுப்புத் துணி, இரண்டாவதில் கண்ணாடிக்குக் கீழே வெள்ளைத் துணி, மூன்றாவதில் அதே வெள்ளைத் துணி கண்ணாடிக்கு மேலே. வெப்பமானியின் குமிழ் துணியின் நிழலில், பெட்டியின் தரையைத் தொடாமல் இருக்கட்டும். மூன்றையும் ஒரே வெயிலில் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் வரை அளந்து வரைபடத் தாளில் மூன்று கோடுகளாக வரையுங்கள். பிறகு மூன்றாவது பெட்டியில் மட்டும், துணியைக் கண்ணாடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் குச்சிகளின் மேல் விரித்து மீண்டும் ஒருமுறை அளந்து, முதலில் வந்த கோட்டுக்குப் பக்கத்திலேயே இதையும் வரைந்து பாருங்கள்.